திறந்தால் போதாது, சேமிக்க வேண்டும்

காணாமல் போனவர் பற்றிய விசாரணைக் கடிதம், வாழ்வாதாரக் கடனுக்கான படிவம் என்று முக்கியமான பலவும் இன்று மின்னஞ்சலில் இணைப்பாக வருகின்றன. மகளிர் சங்கங்களுக்குக் கணனி பழக்கப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "நிரப்பின படிவத்தைக் காணேல்லை, மிஸ்."

காரணம் எளிது. கணனியிலுள்ள அவுட்லுக்கில் இணைப்பை நேரே திறந்தால், திறப்பது ஒரு தற்காலிகப் பிரதியே. அதில் நிரப்பியவை மறைவான கோப்புறை ஒன்றுக்குள் போய், பின்னர் அழிந்துவிடலாம். ஆகவே முதலில் இணைப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'சேவ் ஆஸ்' கொடுத்து, 'டொக்கியுமென்ட்ஸ்' கோப்புறையில் சேமியுங்கள். பிறகு அங்கிருந்து திறந்து நிரப்புங்கள். ஏற்கனவே தொலைந்திருந்தால், வேர்ட்டில் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலை உடனே பாருங்கள்.

சேமிக்க மறுக்கிறதா? கணனியில் இடம் இருக்கிறதா, அதே பெயருள்ள கோப்பு வேறெங்கும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கோப்பின் பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி இருந்தாலும் விண்டோஸ் ஏற்காது.

பொதுக் கணனி என்றால், பென் டிரைவில் பிரதி எடுத்தபின் அங்குள்ளதை அழியுங்கள். 'ரீசைக்கிள் பின்'னையும் வெறுமையாக்கி, மின்னஞ்சலிலிருந்து வெளியேறுங்கள். உங்கள் அடையாள அட்டை இலக்கமும் குடும்ப விபரமும் உங்களிடமே இருக்கட்டும்.