ரமாபாய் கேட்ட பண்டரிபுரம்

நம் காலனிகளில் அம்பேத்கர் படம் இல்லாத தெரு கிடையாது. கோட்டும் கண்ணாடியும் அணிந்த அந்த மனிதருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டில் வறுமை இருந்தது, நோய் இருந்தது, சாமி கும்பிடும் பழக்கமும் இருந்தது. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் சட்டமேதையின் வீட்டுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். சாதியை ஏற்காத கபீர் வழியைப் பின்பற்றியவர். அவர் வீட்டில் மதுவுக்கு இடமில்லை. பிள்ளைகளைப் பாடம் படிக்க வைத்ததும், பக்திப் பாடல் பாட வைத்ததும் அவர்தான்.

1906-ல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் ரமாபாய். பெற்றோரை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்த சிறுமி. கணவர் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்த காலத்தில், பம்பாயில் குடும்பத்தைத் தாங்கியவர் அவரே. ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926-ல். அடுத்த ஆண்டு மார்ச் 20 அன்று, மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். பொதுக் குளத்துத் தண்ணீரைக்கூடப் போராடித்தான் குடிக்க வேண்டியிருந்த காலம் அது.

வாசலில் நின்ற பக்தி

ரமாபாய்க்குத் தெய்வ பக்தி அதிகம். விரதம் இருப்பார். உடல்நலம் குன்றியிருந்த அவருக்கு ஓர் ஆசை இருந்தது: பண்டரிபுரம் போய் விட்டலனைத் தரிசிக்க வேண்டும். ஆனால் அந்தக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் போக முடியாது. மகர் குலத்தில் பிறந்த பக்தர் சொக்கமேளாவின் சமாதிகூடக் கோயிலுக்கு வெளியே, வாசற்படி அருகில்தான் இருக்கிறது. மனைவியை வாசலில் நிற்கவைக்கும் கோயிலுக்கு அழைத்துப்போக அம்பேத்கர் சம்மதிக்கவில்லை. நமக்கென்று வேறொரு பண்டரிபுரத்தை உருவாக்குவோம் என்று தேற்றினார்.

நீண்ட நாள் நோயில் கிடந்த ரமாபாய், 1935 மே 27 அன்று காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 13-ல் இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்த நான் இந்துவாக இறக்கமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். பண்டரிபுரம் கோயில் கதவு தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்தது 1947-ல், சானே குருஜியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு. ரமாபாய் மறைந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1948-ல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலை மூன்று பக்தர்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார் அம்பேத்கர். ஒருவர் சொக்கமேளா, ஒருவர் ரவிதாசர், இன்னொருவர் நம்முடைய நந்தனார்.

அப்போது அவரையே சர்க்கரை நோயும் நரம்பு வலியும் வாட்டிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில், மருத்துவரான சவிதாவை மணந்தார். உணவும் மருந்தும் அவர் கவனிப்பில் வந்தன. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இருவரும் சேர்ந்தே பௌத்தம் தழுவினார்கள். அன்று மக்கள் ஏற்ற 22 உறுதிமொழிகளில், மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. தந்தை ராம்ஜியின் வீட்டில் இருந்த ஒழுக்கம், லட்சக்கணக்கான குடும்பங்களின் உறுதிமொழி ஆனது.

நம் வீட்டில்

குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறோம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறோம். விகாரையில் விளக்கேற்றுகிறோம். எந்த வழியில் போனாலும், வீட்டுக்குள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த நம்பிக்கை நம்மை மனிதராக நடத்துகிறதா? நோயாளியின் மாத்திரையை நிறுத்தச் சொல்லாமல் இருக்கிறதா?

பெரும்பாலான வீடுகளில் கணவனுக்காகவும் பிள்ளைக்காகவும் விரதம் இருப்பவர் அம்மா. அவருடைய ரத்தசோகையையும் சர்க்கரையையும் யாரும் கேட்பதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. காலனிக்கு ஊழியர் வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 104-ஐ அழையுங்கள். அது சலுகை அல்ல, உரிமை.

சுவரில் இருக்கும் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் ரமாபாய் படத்தையும் மாட்டுங்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அம்மா இன்று சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.