சுருட்டுக்கு ஒரு பயணப் பெட்டி

கியூபாவிலும் நிகராகுவாவிலும் கையால் சுற்றப்படும் சுருட்டு, கடைக்கு வந்த பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் இருப்பது அதற்கு நல்லது. குறைந்தால் மேலிலை வெடிக்கும், மணம் போய்விடும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். இந்த அளவைக் காக்கும் பெட்டிதான் ஹியூமிடார்.

வீட்டு ஹியூமிடாரின் உட்புறத்தில் பெரும்பாலும் ‘ஸ்பானிஷ் சிடார்’ பலகை இருக்கும். பெயர் அப்படியிருந்தாலும் அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம். ஈரத்தை உறிஞ்சி வைத்து மெல்ல விடும். ஆனால் மலையேற்றத்துக்கு மரப்பெட்டி ஒத்துவராது. அங்கே தேவை கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம், உள்ளே சுருட்டுகள் பதிந்து கிடக்கும் ஃபோம், இறுக்கிப் பூட்டும் கொக்கிகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

இவற்றுள் முதன்மையானது ரப்பர் வளையமே. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 17 மில்லிகிராம் நீராவியைத்தான் தாங்கும். 35 டிகிரியில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் தாங்கும். வெயிலில் பெட்டி சூடானால் உள்ளிருக்கும் காற்று கூடுதல் ஈரம் கேட்கும். பெட்டி நன்றாக அடைபட்டிருந்தால் சில மில்லிகிராமோடு அது அடங்கிவிடும். சுருட்டுக்கு அது பொருட்டல்ல. அடைப்பு கசிந்தாலோ பகலில் சூடேறி விரியும் ஈரக்காற்று வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வறண்ட காற்று உள்ளே வரும். நாளுக்கு நாள் இலை காயும்.

கொலராடோவின் ராக்கி மலைகள் போன்ற உயரங்களில் காற்றழுத்தமும் பிரச்சினை. 4,000 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அங்கே மூடிய பெட்டியைக் கீழே கொண்டுவந்தால் மூடி ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். அழுத்தத்தைச் சமன்செய்யும் சிறு வால்வு உள்ள பெட்டியை வாங்குங்கள்.

உள்ளே வைக்க உப்புக் கரைசல் பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. காற்று காய்ந்தால் அவை ஈரம் விடும், மிஞ்சினால் உறிஞ்சும். 65 அல்லது 69 சதவீதம் எனக் குறித்தவை பயணத்துக்குப் போதும். ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, பாட்டில் மூடியில் ஈரமாக்கிய சமையல் உப்பை வைத்து, மானியோடு காற்றுப் புகாத பையில் ஒருநாள் மூடிவையுங்கள். அறை வெப்பத்தில் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

செல்லும் நாட்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பெட்டியை நிரப்புங்கள்; வெற்றிடம் குறைந்தால் சுருட்டுகள் உருளாது. செலோஃபேன் உறையைக் கழற்றாதீர்கள். பெட்டியை முதுகுப்பையின் நடுவில், துணிகளுக்கிடையே வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விடாதீர்கள். நீடித்த வெப்பத்தில் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, புழுக்கள் இலையைத் துளைத்துவிடும். மஞ்சள், மிளகாய் மூட்டைகளைத் துளைப்பதும் இதே வண்டுதான்.

சுருட்டும் புகையிலையே. புற்றுநோய் அபாயத்தை எந்தப் பெட்டியும் குறைக்காது.

வாங்கும்போது ஒரு தாளை மூடிக்கும் விளிம்புக்கும் இடையே வைத்துப் பூட்டி, நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்திலாவது தாள் எளிதாக உருவி வந்தால், அந்தப் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.