பல் முளைக்கும் நாய்க்குட்டிக்குக் கடிக்க எதைக் கொடுக்கலாம்?



2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய பகுதியிலும் தோட்டத்து வீடுகள் மேல் மண் விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைகள் மறுபடியும் இறங்கின. ஒவ்வொரு முறையும் எமது மக்கள் அடையாள அட்டையையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கூப்பிடாமலே பின்னால் வந்தது நாய்.

இது புதிய கதையல்ல. தோபித்து நூலில் தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது நாயும் கூடவே போனதைத் திருமறை மறக்காமல் குறிக்கிறது. பாரதத்தில் தருமரின் கடைசி வழியிலும் ஒரு நாய் வருகிறது. வீட்டை விட்டுப் புறப்பட்டவனுக்கு நாய் துணை என்பதை இரண்டு மரபும் அறிந்திருக்கின்றன.

முகாமிலும் புதிய குடியிருப்பிலும் பிள்ளைகள் எங்கிருந்தாவது ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் போனதும் முறைப்பாடு தொடங்குகிறது. இருந்த ஒரு சோடிச் செருப்பைக் கடித்துவிட்டது, பாடசாலைப் பையின் வாரை அறுத்துவிட்டது, சின்னவளின் கையில் பல் பட்டுவிட்டது என்கிறார்கள். சிலர் குட்டியை அடிக்கிறார்கள். சிலர் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவருகிறார்கள். பெரும்பாலும் அந்தக் குட்டிக்குப் பல் விழுந்து பல் முளைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எல்லாக் கடியையும் 'பல் முளைக்கிறது' என்று தள்ளிவிடவும் கூடாது. இரண்டையும் இங்கே பார்ப்போம்.

குட்டியின் வாயில் நடப்பது என்ன?

நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய மூன்று கிழமையில் பால் பற்கள் வரத் தொடங்கும். இரண்டு மாத அளவில் 28 பற்களும் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் அவை ஒவ்வொன்றாக விழும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் நின்றுவிடும். இந்த மூன்று மாத காலத்தில் ஈறு தினவெடுக்கும், நோகும். எதையாவது அழுத்திக் கடித்தால்தான் அதற்குச் சுகம். எமது கைக்குழந்தைகள் கையில் அகப்பட்டதை வாயில் வைப்பது போன்றதே இது.

ஈற்றில் சிறிது இரத்தம் கசியலாம். எச்சில் கொஞ்சம் கூடலாம். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிடலாம். இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. புதிய கோரைப் பல் வந்த பிறகும் பழையது விழாமல் பக்கத்திலேயே நின்றால் மட்டும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாகக் குறட்டால் பிடுங்க வேண்டாம்.

கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள்

1. நகச் சோதனை: பெருவிரல் நகத்தால் பொருளை அழுத்துங்கள். நகம் சிறிதாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் அது குட்டியின் பல்லை உடைக்கக்கூடிய அளவுக்குக் கடினம்.

2. வாய்ச் சோதனை: பொருள் குட்டியின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முழுதாக வாய்க்குள் போகும் எதுவும் தொண்டையில் அடைக்கும். கடித்துக் கடித்துச் சிறிதானதும் எடுத்துவிடுங்கள்.

கொடுக்கக் கூடியவை

கடையில் விற்கும் நாய்ப் பொருட்கள் தேவையில்லை. வீட்டில் உள்ளதே போதும்.

ஈரத் துணி: பழைய பருத்தித் துவாயில் ஒரு முழத் துண்டை வெட்டி, நடுவில் பெரிய முடிச்சுப் போடுங்கள். பீலித் தண்ணீரிலோ மண்பானைத் தண்ணீரிலோ ஊறவைத்துப் பிழிந்து கொடுங்கள். குளிர்ச்சி ஈற்று நோவைக் குறைக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நூல் பிரியத் தொடங்கியதும் அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுக்கும். தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி அலசுங்கள்.

கரட்: தடித்த ஒரு கரட்டைக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்து, முழுதாகக் கொடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். துண்டு துண்டாக உடையத் தொடங்கினால் வாங்கிவிடுங்கள்.

ஆறிய கஞ்சி: ஈறு நோகும் நாட்களில் குட்டி சரியாகத் தின்னாது. உப்பு, வெங்காயம், உள்ளி போடாத சோற்றுக் கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, முள் நீக்கிய அவித்த மீனோ அவித்த முட்டையோ பிசைந்து வையுங்கள். அவித்த பூசணியும் நல்லது.

பழைய செருப்பை விளையாடக் கொடுக்க வேண்டாம். பழையது எது, புதியது எது என்று குட்டிக்குத் தெரியாது. நாளைக்கு வேலைக்குப் போட்டுப்போகும் செருப்பையும் அது தனதென்றே நினைக்கும்.

கொடுக்கக் கூடாதவை

சமைத்த எலும்பு, முக்கியமாகக் கோழி எலும்பு. அது ஊசி போலச் சிராய்ந்து உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும்.

சோளப் பொத்தியின் தண்டு, மாங்கொட்டை, ரம்புட்டான் விதை, பலாக்கொட்டை. இவை தொண்டையை அல்லது குடலை அடைக்கும். கேகாலையில் ரம்புட்டான் பருவத்தில் முற்றமெல்லாம் விதை கிடக்கும், கூட்டி அள்ளுங்கள்.

பச்சை மரவள்ளிக் கிழங்கும் அதன் தோலும் இலையும். அவற்றில் சயனைட்டு நஞ்சு உண்டு. அலரி மரக் குச்சியும் கடும் நஞ்சு.

வெற்றிலைப் பை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மூன்றுமே குட்டிக்குக் கேடு. புகையிலை உயிரையே எடுக்கலாம். ஆச்சிமார் பையை உயரத்தில் தொங்கவிடுவது நல்லது.

இறப்பர்ப் பால் எடுக்கும் சிரட்டை, பால் உறையவைக்கும் அசிட் போத்தல், உரப் பை, எலிப் பாஷாணம், டயர்த் துண்டு. அசிட் வாயைப் பொசுக்கும். உரப் பையின் நாரும் டயரின் கம்பியும் வயிற்றில் சிக்கும்.

கருவாடு, சொக்லட், வெங்காயம் சேர்ந்த கறிச் சோறு. ருசியாகத் தின்னும், ஆனால் உடம்புக்குக் கெடுதல்.

நோவுக்கு மருந்து கொடுக்கலாமா?

வேண்டாம். எமக்குக் காய்ச்சல் என்றால் பனடோல் போடுவோம். அந்தப் பழக்கத்தில் குட்டிக்கும் பாதி கொடுப்போர் உண்டு. அது நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கராம்பு எண்ணெயும் பூச வேண்டாம். கன்றிய ஈற்றை அது இன்னும் எரிக்கும். பல் நோவுக்குக் குளிர்ந்த துணியே மருந்து. இரண்டு வேளைக்கு மேல் ஒன்றுமே தின்னாமல் சோர்ந்து கிடந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கையைக் கடித்தால்

பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: குட்டியின் வாய்க்குக் கை விளையாட்டுப் பொருள் அல்ல. குட்டி கையைக் கவ்வினால் உதறி ஓடக்கூடாது. உதறினால் அது விளையாட்டென்று நினைத்து இன்னும் பலமாகப் பிடிக்கும். அசையாமல் நின்று, மற்றக் கையால் முடிச்சுத் துணியை அதன் வாயருகே நீட்ட வேண்டும். துணியைக் கவ்வியதும் தட்டிக் கொடுக்கலாம். அடிக்கக் கூடாது. அடிபட்ட குட்டி வளர்ந்து கையைக் கண்டாலே கடிக்கும் நாயாகும்.

பல் தோலைக் கிழித்தால், நகக் கீறலாக இருந்தாலும், அதைச் சின்னது என்று விடக் கூடாது. உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அங்கு இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். நாயின் எச்சிலில் விசர்க் கிருமி நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே இருக்கலாம். நோய் மனிதரில் வெளிப்பட்ட பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வெளிப்படும் முன் எடுக்கும் சிகிச்சை உயிரைக் காக்கும்.

பல் நோவா, விசரா?

பல் முளைக்கும் குட்டி விளையாடும், தண்ணீர் குடிக்கும், பெயர் சொன்னால் வாலாட்டும். துணி கொடுத்தால் கடித்துவிட்டுத் தூங்கும். விசர் பிடித்த குட்டியில் மாற்றம் வேறு. தாடை தொங்கும். எச்சில் நூலாக ஒழுகும். விழுங்க முடியாமல் திணறும். குரல் மாறும். இருட்டு மூலையில் ஒதுங்கும், அல்லது காரணமில்லாமல் பாயும், கால் தடுமாறும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது' என்று இரக்கப்பட்டு வாய்க்குள் விரலை விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, குட்டியைத் தொடாமல் ஓர் அறையில் அடைத்து, மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். அதன் எச்சில் பட்டவர்கள் எல்லோரும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்தப் பயம் வராமலிருக்க வழி ஒன்றுதான்: விசர்த் தடுப்பூசி. இடம்பெயர்ந்து வாழும் எமக்குப் பழைய தோட்டத்தில் ஊசி போட வந்தவர் இங்கே தேடி வருவார் என்று காத்திருக்க முடியாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எமது குடியிருப்பின் பெயரைச் சொல்லி, நாய்களுக்கு ஊசி போடும் நாளைக் கேளுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. குட்டி சிறியது என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் சேர்க்க வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடுத்த ஊசி எப்போது என்று அட்டையில் எழுதி வாங்கி, குடும்பத்தின் மற்ற அட்டைகளோடு வையுங்கள்.

எல்லாவற்றையும் இழந்த பிள்ளைக்கு ஒரு குட்டி பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் ஆபத்தாக மாறாமல் பார்ப்பது எம் பெரியவர்களின் கடமை. ஒரு முழத் துணி, ஒரு கரட், ஒரு ஊசி. இன்று மாலையே பழைய துவாயைத் தேடி எடுத்து முடிச்சைப் போடுங்கள். நாளைக்கு ஊசிக்கு விசாரியுங்கள்.