குலுங்காத பயணம்: இரு சில்லு இழுவை எஸ்.யு.வி.யின் பின்பக்கம் பதிந்தால் என்ன செய்யலாம்?



வாகனச் செலவுகள் பற்றிய உரைக்குப் பிறகு கலையகத்துக்கு அழைத்த பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எங்கட எஸ்.யு.வி. சரியாகக் குலுங்குது. ஆட்கள் ஏறினால் பின்பக்கம் பதியுது. ஸ்பிறிங் மாத்தச் சொல்லுகினம். மாத்தலாமோ?" இம்மாத உரையில் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத்தில் தருகிறேன். நான் தொழிலால் கணக்காளன். ஆகவே காசு செலவில்லாத வேலையில் தொடங்கி, செலவு கூடிய வேலையில் முடிக்கிறேன்.

இதை ஒரு சொகுசுப் பிரச்சினையாக நினைக்க வேண்டாம். எமது வீடுகளில் வயதான தாய் தந்தையர் இருக்கிறார்கள். போரில் முதுகிலும் இடுப்பிலும் காயப்பட்டவர்கள், இன்றும் உடலில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலம் முடியும்போது ரொறன்ரோ வீதிகளில் விழும் குழிகளில் வாகனம் ஒருமுறை இறங்கி ஏறினால், அவர்களுக்கு அன்றைய நாளே போய்விடும்.

முதலில் ஒரு விளக்கம். வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங். அந்த ஸ்பிறிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது சொக் அப்சோபர். பின்பக்கம் பதிவது பெரும்பாலும் ஸ்பிறிங்கின் குறை, அல்லது அளவுக்கு மிஞ்சிய சுமை. ஒரு குழியில் விழுந்தபின் இரண்டு மூன்று தரம் ஆடுவது சொக்கின் குறை. சாதாரண சொக்கை மாற்றினால் பதிந்த வாகனம் உயராது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிக் காசை இழக்கிறார்கள்.

காசில்லாத வேலை: காற்று. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய அட்டை ஒட்டியிருக்கும். உங்கள் வாகனத்துக்குரிய காற்றழுத்தம் அதில்தான் உள்ளது. ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கம் அந்த ரயர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. அதுவரை அடித்தால் வாகனம் கல்லுப்போல் ஓடும். ஓடுவதற்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 பாகை செல்சியஸ் குறைந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.

அடுத்து றிம்மின் அளவு. 225/65 ஆர் 17 ரயரின் பக்கச் சுவர் சுமார் 146 மில்லிமீற்றர். 225/60 ஆர் 18 ரயரில் அது 135. இரண்டின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குழியின் அடியை வாங்கிக்கொள்ளும் றப்பர் 11 மில்லிமீற்றர் குறைந்துவிடுகிறது. பார்வைக்காகப் பெரிய றிம் போடுபவர்கள் இதைக் கவனியுங்கள். குளிர்கால ரயர் வாங்கும்போது, உற்பத்தியாளர் அதே மொடலுக்கு அனுமதித்த சிறிய றிம்மைத் தெரிவு செய்தால் விலையும் பெரும்பாலும் குறையும், ஓட்டமும் மென்மையாகும்.

மூன்றாவது, சுமைக் கணக்கு. அதே அட்டையில் ஆட்களும் பொருளும் சேர்ந்து எத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 420 கிலோ என்று வைப்போம். 75 கிலோ வீதம் ஐந்து பேர் 375. மிச்சம் 45. இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு வைத்தால் மீதி 5 கிலோ மட்டுமே. மேலே கூலரையும் சமையல் பாத்திரத்தையும் ஏற்றினால் கணக்கு உதைக்கும். முன்சில்லு இழுவை வாகனத்தில் இழுப்பதும் திருப்புவதும் முன் சில்லுகளே. பின் அச்சுக்குப் பின்னால் சுமை கூடினால் முன்பக்கம் இலேசாகும். பனியில் பிடிமானம் குறையும். முன் விளக்கும் மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

நான்காவது, அளவு எடுங்கள். வாகனத்தைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலே உள்ள மட்காட் விளிம்பு வரை அளந்து நான்கு இலக்கங்களையும் எழுதுங்கள். வெறுமையாக இருக்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்திருப்பது பல வாகனங்களின் இயல்பான அமைப்பு. ஆட்கள் ஏறும்போது மட்டமாவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதற்காக முன்பக்கத்தை உயர்த்தத் தேவையில்லை. ஆனால் இடம் வலம் தெளிவாக வித்தியாசப்பட்டால் ஒரு ஸ்பிறிங் உடைந்திருக்கலாம். வீதியில் போடும் உப்பினால் ஸ்பிறிங்கின் அடிச்சுற்று துருப்பிடித்து உடைவது இங்கே வழமையானது.

இனிச் செலவுள்ள வேலைகள். சொக்கில் எண்ணெய் வடிந்தாலோ, ரயர் மேடு பள்ளமாகத் தேய்ந்தாலோ, சொக்குகளை இடம் வலம் சோடியாக மாற்றுங்கள். தட்டும் சத்தம் கேட்டால் றப்பர் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிறிங் களைத்திருந்தால் அதே அளவில் புதியது போடுவதே நல்லது. கடினமான ஸ்பிறிங் சுமையோடு மட்டமாக நிற்கும்; ஆனால் நீங்கள் தனியே வேலைக்குப் போகும் நாட்களில் முன்னரைவிடக் கூடுதலாகக் குலுக்கும். இடைக்கிடை மட்டும் பாரம் ஏற்றுபவர்களுக்கு, பின் ஸ்பிறிங்கின் உள்ளே வைக்கும் காற்றுப்பை பொருத்தமானது. பாரம் ஏற்றும்போது காற்றடித்து, இறக்கியதும் உற்பத்தியாளர் சொல்லும் ஆகக்குறைந்த அளவுக்குக் குறைக்கலாம். எந்த ஸ்பிறிங்கும் எந்தப் பையும் அட்டையில் உள்ள சுமை எல்லையைக் கூட்டாது.

முன்பக்கத்தை உயர்த்த விற்கும் மலிவுத் துண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை உயரத்தைத் தரும், மென்மையைத் தராது. முன்சில்லு இழுவையில் சில்லைச் சுழற்றும் தண்டின் கோணம் கூடி அதன் மூட்டு விரைவில் தேயும். சில்லுக் கோணங்களும் முன் விளக்கின் மட்டமும் மாறும். முன்னால் கமரா, ராடர் உள்ள புதிய வாகனங்களில் அவற்றையும் மறுபடி சரிபார்க்க நேரலாம். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காமல் செய்யும் மாற்றம் பின்னர் இழப்பீட்டில் சிக்கலைத் தரக்கூடும்.

கராஜில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, பொருளின் இலக்கம் இரு சில்லு இழுவை மொடலுக்கு உரியதா? நான்கு சில்லு இழுவைக்கு வேறு ஸ்பிறிங் இருக்கலாம். இரண்டு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த உயர அளவுகள். மூன்று, அலைன்மென்ற் செய்த அச்சுப் பிரதி. இவற்றைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அமுக்கப்பட்ட ஸ்பிறிங் விடுபட்டால் ஆளையே கொல்லும். வீட்டு முற்றத்தில் நண்பரோடு சேர்ந்து கழற்ற முயலாதீர்கள்.

இந்த வார இறுதியில் கதவு அட்டையை ஒருமுறை வாசித்து, காற்றை அளந்து பாருங்கள். அதன்பின் காசு செலவழிக்க வேண்டுமா என்று முடிவெடுக்கலாம்.