பந்தெறியும் கரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கிரிக்கெட்டை அறியாதார் நம் கல்லூரியில் இலர். ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாகும் பேஸ்பால் என்னும் அடிபந்தாட்டத்தை அறிந்தோர் சிலரே. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதற்குள்ள மதிப்பு மிகப் பெரிது. அவ்வாட்டத்தின் உயிர்நாடி பந்தெறிபவர். அவரைப் 'பிட்சர்' என்பர். ஒரே கரத்தை நம்பி நடக்கும் அவரது தொழிலைப் பற்றியும், அத்தொழிலில் நுழைந்த நம் நாட்டு இளைஞர் இருவரைப் பற்றியும் ஈண்டுக் கூற விழைகிறேன்.

எறிதலின் இலக்கணம்

கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடி வருகிறார்; மடக்கிய முழங்கையை நீட்டி எறிதல் அங்கே குற்றம். பிட்சரோ ஓடுவதில்லை. பத்து அங்குல உயரமுள்ள மண்மேட்டில் நின்று, முழங்கையை மடக்கிச் சாட்டையைச் சொடுக்குவது போல் எறிகிறார். 60 அடி 6 அங்குலத்திற்கு அப்பால், அதாவது 18.44 மீட்டர் தொலைவில், 17 அங்குல அகலமுள்ள தட்டு ஒன்று தரையில் பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு நேர் மேலே, மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்து கடந்து செல்லல் வேண்டும்.

நல்ல வேகப்பந்து மணிக்கு 145 கிலோமீட்டர் செல்லும். விநாடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர். வகுத்துப் பாருங்கள், அரை விநாடிகூட ஆகாது! அதற்குள் மட்டையாளர் பந்தைக் கண்டு, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றியாக வேண்டும். போதாக்குறைக்குப் பந்து வளைந்தும் வரும். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ள, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. நாம் பாடத்தில் படிக்கும் மேக்னஸ் விளைவு இதுவேயாகும்.

ஈட்டியிலிருந்து பந்துக்கு

2008-ஆம் ஆண்டு ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்கர் இந்தியாவில் ஒரு போட்டி நடத்தினார். வேகமாகவும் குறி தவறாமலும் எறிய வல்ல கரத்தைக் கண்டறிவதே நோக்கம். முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் எறிந்து பார்த்தனர். வென்றவர் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங். பரிசு ஒரு லட்சம் டாலர். அடுத்து நின்றவர் அதே மாநிலத்தின் தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறியும் வீரர்கள். அதுவரை பேஸ்பால் ஆடியதே இல்லை.

ரிங்குவின் தந்தை லாரி ஓட்டுநர். நம் வ.உ.சி. துறைமுகச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளைக் காணும்போதெல்லாம், இவற்றை ஓட்டி வந்தோர் வீட்டில் எத்தனை ரிங்குகளோ என்று எண்ணத் தோன்றுகிறது.

லாஸ் ஏஞ்சல்சில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் பயின்ற பின், அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஆனால் ஒப்பந்தம் ஆனவுடன் பெரிய ஆடுகளம் கிடைத்துவிடாது. தொடக்க நிலை, 'ஏ', 'இரட்டை ஏ', 'மும்மை ஏ' எனப் படிகள் பல உள. அவற்றையெல்லாம் கடந்தோரே முப்பது பெரிய அணிகளில் இடம் பெறுவர். 2009 ஜூலையில் ரிங்கு தொடக்க நிலைப் போட்டியொன்றில் வெற்றிக்குரிய பிட்சரானார். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் இப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. தினேஷ் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். 'ஏ' நிலை வரை ஏறிய ரிங்குவைப் பின்னர்க் காயங்கள் முடக்கின. 2018-இல் அவர் மல்யுத்த அரங்கிற்கு மாறினார். அவ்விருவர் கதை 2014-இல் திரைப்படமானது. இசை நம் ஏ.ஆர். ரகுமான்.

கரத்தின் கணக்கு

பிட்சரின் பகை எதிரணியன்று, தன் முழங்கையே. ஒவ்வோர் எறிதலிலும் உட்புறத் தசைநார் இழுபட்டு நைகிறது. 1974-இல் டாமி ஜான் என்னும் இடக்கைப் பிட்சருக்கு அது அறுந்தது. மருத்துவர் பிராங்க் ஜோப், வலக்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடமுழங்கையில் பொருத்தினார். 1976-இல் களம் திரும்பிய டாமி ஜான் 1989 வரை எறிந்தார். அவரது 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் பெற்றவை! இன்று முதலில் களமிறங்கும் பிட்சர் நூறு பந்துகளை நெருங்கினாலே பயிற்சியாளர் எழுந்து பார்க்கிறார். அடுத்து எறியப் பெரும்பாலும் நான்கு நாளுக்குக் குறையாத ஓய்வு உண்டு.

உடலையே முதலாக்கிப் பிழைப்பது நமக்குப் புதிதன்று. இக்கடலில் காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி முத்துக் குளித்தோர் பலர். 1961-ஆம் ஆண்டு முத்துக்குளிப்போடு அத்தொழில் இங்கு ஓய்ந்தது. என் தந்தை உப்பு மூட்டை சுமந்து என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதல் ஆள் நான். அவருடைய வலத்தோள் இப்போது காதளவுக்கு மேல் உயர்வதில்லை. பிட்சர் எறியும் பந்தை எண்ணுவது கரத்தைக் காப்பதற்காக; என் தந்தை சுமந்த மூட்டையை எண்ணியதோ கூலி போடுவதற்காக மட்டுமே.

ஆடுகளத்தில் பிறந்த இவ்வறிவு உழைப்புக் களத்திற்கும் வந்து சேர வேண்டாமா? தோளும் முழங்கையும் முதுகும் எவ்வளவு தாங்கும் என்பதை அளந்து சொல்லும் ஆற்றல் அறிவியலுக்கு உண்டு. அளவுகோலைக் கையில் எடுக்கவேண்டியவர்கள் படிக்க வந்திருக்கும் நாமேயன்றோ!