பேரீச்சையை உள்ளிருந்து தின்னும் கூன்வண்டு

ஒரு நிலப்பகுதிக்கு உரியதல்லாத உயிரினம் மனிதரின் வணிகத்தாலோ போக்குவரத்தாலோ அங்கே போய்ச் சேர்ந்து பெருகி, அவ்விடத்து உயிர்களுக்கும் மக்களின் பிழைப்புக்கும் கேடு விளைவிக்குமானால், அதனை ஆக்கிரமிப்பு உயிரினம் என்பர். வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேலத்தையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு, தமிழகத் தென்னந்தோப்புகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட சிவப்புக் கூன்வண்டு வளைகுடா நாடுகளில் அதே குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருப்பது வியப்பளிக்கலாம்.

தென்னாசியா, தென்கிழக்காசியாவைச் சேர்ந்த இவ்வண்டு செம்பழுப்பு நிறமும், மூன்றரை செ.மீ. வரை நீளமும், முன்னோக்கி வளைந்த மூக்கும் உடையது. பெண்வண்டு மரத்தின் காயங்களிலும் மட்டையின் அடிப்பகுதியிலும் இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட, சில நாளில் வெளிவரும் காலற்ற புழுக்கள் தண்டின் மென்மையான உட்பகுதியைக் குடைந்து தின்று, முதிர்ந்தபின் நாரால் கூடு பின்னி அதனுள்ளே வண்டாக உருமாறுகின்றன. பேரீச்சைக்கு வளர்நுனி, அதாவது புதுக் குருத்தை உண்டாக்கும் உச்சிப் பகுதி, ஒன்றே ஆதலால் அது அரிக்கப்பட்டால் மரம் பிழைப்பதில்லை. கேடு முழுவதும் உள்ளே நடப்பதால், துர்நாற்றமுள்ள பழுப்பு நீர் கசிந்து வெளியில் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இது 1985-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. பின்னர் சவூதி அரேபியா முதலிய அண்டை நாடுகளிலும், 1990-களில் எகிப்திலும் ஸ்பெயினிலும் பரவியது. வண்டு பறக்க வல்லதே எனினும், கடல் தாண்டி இத்தனை விரைவில் பரவியதற்கு அதன் சிறகைக் காட்டிலும் கன்று வணிகமே காரணம். விதையிலிருந்து வளரும் பேரீச்சையில் ஏறத்தாழ பாதி ஆண்மரமாகிவிடும், தாய்மரத்தின் ரகமும் நிலைக்காது. எனவே உழவர் அடிமரத்தில் முளைக்கும் பக்கக் கன்றையே பெயர்த்து நடுகின்றனர். நல்ல ரகத்தைக் காக்கும் அந்த முறையே, புழு ஒளிந்திருக்கும் கன்றை ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்லும் வழியுமாயிற்று.

ஷார்ஜா தொழில்பேட்டை போன்ற இடங்களில், கிடங்குகளுக்கும் கராஜ்களுக்கும் நடுவே சாலையோரம் நிற்கும் பேரீச்சை விளைச்சலுக்காக வளர்க்கப்படுவதன்று. எனினும் ஒரு மரத்தில் பெருகிய வண்டு நகர மரம், தோட்ட மரம் என்று பார்ப்பதில்லை. அல் தைத் போன்ற சோலைகளில் அதன் தாக்குதல் பல ஆண்டு உழைப்பின் இழப்பாகிறது. உட்குடையப்பட்ட தண்டு காற்றில் முறிந்தால் கீழே நிற்பவருக்கும் வண்டிக்கும் ஆபத்தாகிறது.

ஆண்வண்டு தன் இனத்தை அழைக்க வெளியிடும் மணப்பொருளைச் செயற்கையாகச் செய்து, வாளியில் பேரீச்சம்பழத்தோடும் நீரோடும் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஆயினும் அது பறந்து திரியும் வண்டுகளையே பிடிக்கும், தண்டினுள் இருக்கும் புழுவைத் தொடாது. அதற்குத் தண்டினுள் மருந்து செலுத்த வேண்டியுள்ளது. 2017 மார்ச்சில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ரோமில் கூட்டிய கூட்டத்தில் இவ்வண்டுக்கு எதிரான கூட்டு நடவடிக்கை வலியுறுத்தப்பட்டது.

தோட்டப் பணியிலோ சரக்கு வண்டியிலோ வேலை செய்வோர், கசிவு கண்ட மரத்தை உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதோடு, வெட்டிய தண்டை வேறிடத்தில் கொட்டாமலும், சோதிக்கப்படாத கன்றை ஏற்றாமலும் இருத்தல் வேண்டும்.