இடம் பெயர்ந்த வீடுகள்

அருங்காட்சியகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதீர்கள்' என்னும் பலகையுமேயாகும். நம் துறையினருடன் எழும்பூருக்குச் சென்ற கல்விச் சுற்றுலாக்களில் இதனை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்பெரு நிலையத்தில், அமராவதிச் சிற்பங்களுக்கு ஐந்து நிமிடம், சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்குப் பத்து நிமிடம், திமிங்கலத்தின் எலும்புக் கூட்டிற்கு அரை மணி நேரம் என்பதே மாணவர் வகுத்துக்கொண்ட அட்டவணை! இதற்காக நான் எவரையும் கடிந்துகொண்டதில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருப்பது நம் பாட்டன் வாழ்வு என்ற எண்ணம் எழாதபோது, பெரிதாக இருப்பதன் முன்னேதான் கால்கள் நிற்கும்.

கண்ணாடிப் பெட்டியே இல்லாத ஓர் அருங்காட்சியகத்தைச் சென்ற கோடை விடுமுறையில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் மகள் டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கின்றாள். 83 வயதான, நினைவு தவறத் தொடங்கிவிட்ட என் தாயாரைத் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு, மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தேன். ஆர்ஹூஸ், ஜட்லாந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுகம். அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். அங்குள்ள தாவரவியல் பூங்காவை ஒட்டி 'டென் கம்லே பி' என்றொரு குட்டி ஊர் இருக்கின்றது. அப்பெயரின் பொருள் 'பழைய நகரம்' என்பதாகும். ஏறத்தாழ 75 கட்டடங்கள் அங்குள்ளன. இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து கழற்றிக் கொணர்ந்து, மீண்டும் பூட்டி நிறுத்தப்பெற்றவை அவை.

கழற்றிப் பூட்டுவதா, வீடு என்ன மிதிவண்டியா என்று கேட்கத் தோன்றுகின்றதன்றோ? எனக்கும் தோன்றியது. விளக்கம் எளிதுதான். வட ஐரோப்பாவின் பழைய நகர வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டக வீடுகளாகும். தடித்த ஓக் மரத் தூண்களும் விட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து வீட்டின் எலும்புக்கூடாக அமையும். துளையும் முளையுமாகச் செதுக்கி, மர ஆணி அடித்து அவற்றை இணைப்பார்கள். சட்டங்களுக்கு இடைப்பட்ட கட்டங்களைச் செங்கல்லாலோ களிமண்ணாலோ அடைத்துப் பூசிவிடுவார்கள். ஆகவே, மர ஆணியைத் தட்டி எடுத்தால் வீடு துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு, வரைபடம் எழுதி வைத்துக்கொண்டால் வேறிடத்தில் அதே வீட்டை எழுப்பலாம். எந்தத் துளையில் எந்த முளை சேரும் என்று அந்நாளைய தச்சர்களே மரத்தில் குறி வெட்டி வைப்பது வழக்கமாம். நம் சுண்ணாம்புக் காரைச் சுவரை இவ்வாறு பிரித்தெடுக்க இயலாது; கடப்பாரைதான் அதற்கு வழி.

இவ்வூர் பிறந்த கதையைக் கூறாமல் மேலே செல்லுதல் முறையன்று. பீட்டர் ஹோம் என்பார் ஓர் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளரும்கூட. ஆர்ஹூஸில் 1597ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற வணிகர் மாளிகை ஒன்றினை இடித்துவிடுவது என்று 1908ஆம் ஆண்டளவில் முடிவாயிற்று. நகரம் வளர்கின்றது, பழையது போகட்டும் என்பது அப்போதைய மனப்பான்மை. ஹோம் விடாப்பிடியாக நின்றார். அவ்வீடு பிரித்தெடுக்கப்பெற்று, 1909இல் அந்நகரில் நடந்த தேசியப் பொருட்காட்சியில் 'மேயர் மாளிகை' என்ற பெயருடன் எழுந்து நின்றது. பொருட்காட்சி முடிந்ததும் மீண்டும் பிரிக்கப்பெற்றுப் பூங்காவிற்கு வந்தது. 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. சில நாள்களில் முதல் உலகப் போரும் மூண்டது.

திறந்தவெளி அருங்காட்சியகம் என்பது ஹோம் கண்டுபிடித்ததன்று. சுவீடன் நாட்டு ஆர்தர் ஹசேலியஸ் 1891இலேயே ஸ்டாக்ஹோமில் 'ஸ்கான்சன்' என்பதனைத் திறந்துவிட்டார். அவரைப் பின்பற்றிய பிறரும் பெரும்பாலும் உழவர் வீடுகளையும் களஞ்சியங்களையும் காற்றாலைகளையுமே சேர்த்தார்கள். தொழிற்சாலைப் புகை பரவிய அந்நாளில், பண்பாடு என்பது சிற்றூரில் மட்டுமே வாழ்கின்றது என்று கருதினர் போலும்! ரொட்டி சுடுபவர், தோல் பதனிடுபவர், கயிறு திரிப்பவர், கடைச் சிப்பந்தி, வீட்டுப் பணிப்பெண் ஆகிய நகரத்து எளிய மக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதனை அருங்காட்சியகப் பொருளாக ஆக்கியதே ஹோம் செய்த புதுமை.

நுழைவாயிலைக் கடந்தவுடன் காலடியில் உருளைக் கற்கள் பாவிய தெரு. நம்மூர்ச் செருப்புடன் நடக்க இயலவில்லை. மகளின் தோளைப் பற்றிக்கொண்டேன். முதற் பகுதி, 1864ஆம் ஆண்டுவரை உள்ள காலத்தைக் காட்டுவது. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையெடுக்க, டென்மார்க் தோற்றுத் தன் தென்புற நிலங்களை இழந்த ஆண்டு அது. குழந்தைக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆன்டர்சன் வாழ்ந்த காலமும் அதுவே. வணிகர் வீட்டுக் கூடம், அதனை ஒட்டிய கிடங்கு, தொழிற்பட்டறைகள், இனிப்பு ரொட்டி விற்கும் கடை என நடந்துகொண்டே இருக்கலாம். ஹெல்சிங்கர் என்ற ஊரில் 1817இல் எழுந்த நாடகக் கொட்டகை ஒன்று 1961இல் இங்கு வந்து குடியேறியிருக்கின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சமையற்கட்டு. விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; புகை கண்ணைக் கரித்தது. அக்கால உடையணிந்த ஒரு பெண் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். கோடைக் காலத்தில் இவ்வாறு வேடம் பூண்டோர் தெருவெங்கும் இருக்கின்றனர். வரலாற்றாசிரியனின் வழக்கமான கேள்வியைக் கேட்டு வைத்தேன்: "உங்களுக்கு என்ன கூலி?" அவர் சிரிக்காமல், தம்மை அரையாண்டுக்கு அமர்த்தியிருப்பதாகவும், வேலை மாறுவதானால் மே 1 அல்லது நவம்பர் 1 ஆகிய நாள்களில்தான் மாறலாம் என்றும் கூறினார். அந்நாட்டில் பணியாள்கள் வீடு மாறுவதற்குரிய நாள்களாக இவ்விரண்டும் இருந்தன என்பது உண்மை. நூலில் படித்திருந்தால் மறந்திருப்பேன். கத்தியும் கையுமாக ஒருவர் சொல்லியதால் மறக்கவில்லை. அந்த அலமாரியின் ஓரத்தில் கையால் சுற்றும் காப்பிக்கொட்டை இயந்திரம் ஒன்று இருந்தது. அதனை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள், "அப்பா, நம்ம வீட்டுல இருந்ததே!" என்றாள்.

அடுத்த பகுதி 1927. தொலைபேசி நிலையம், இரும்புச் சாமான் கடை, மோட்டார் வண்டி பழுது பார்க்கும் பட்டறை ஆகியன உண்டு. இதனை விரைவாகவே கடந்துவிட்டேன்; உண்மையைச் சொன்னால், பசி.

மூன்றாம் பகுதியே என்னைத் திடுக்கிட வைத்தது. அது 1974ஆம் ஆண்டு! நான் துவக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. வானொலி, தொலைக்காட்சி விற்கும் கடை, அடுக்கு வீடுகள், அவற்றில் தனியே வாழ்ந்த பெண்ணின் வீடு, இளைஞர்கள் கூடி வாழ்ந்த வீடு, துருக்கியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தோரின் வீடு. மகளிர் மருத்துவர் ஒருவரின் மருத்துவமனையும் உண்டு. 1973இன் எண்ணெய் நெருக்கடியால் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அந்நாட்டில் தடை விதித்திருந்தார்கள். அதே 1973இல்தான் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையையும் நிறுத்தினார்கள். கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக்கிய சட்டமும் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தது. இவையனைத்தையும் ஒரு மாடிப்படி ஏறி இறங்குவதற்குள் உணர்ந்துவிடலாம். பழமை என்றால் அரசனும் கோட்டையும் என்று எண்ணும் நமக்கு, துருக்கித் தொழிலாளியின் வீட்டையும் வரலாறாகக் கருதிக் காத்து வைத்திருப்பது ஒரு பாடமாகவே அமைகின்றது.

இனி, குறைகளையும் கூற வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் இத்தகைய தெரு எந்நாளிலும் இருந்ததில்லை. சாக்கடை நாற்றமில்லை, காலரா இல்லை, கடன்காரன் கதவைத் தட்டுவதில்லை. இவற்றைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. நினைவுச் சின்னத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பிரிக்கலாகாது, அதனைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் பெயர்க்கலாம் என்று 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுகின்றது. 'அருங்காட்சியகத்திற்குத்தான் போய்விடுகின்றதே' என்ற சமாதானம், இடிப்பவன் கையிலுள்ள கடப்பாரைக்கு வலிமை சேர்த்துவிடும் அன்றோ? கோபன்ஹேகனின் பழைய குடியிருப்பு ஒன்றை 1940களில் அப்புறப்படுத்தியபோது, 1683இல் கட்டப்பெற்ற நாணயச்சாலைத் தலைவர் மாளிகையும் பிரித்தெடுக்கப்பெற்றது. அதன் துண்டுகள் பல பத்தாண்டுகள் கிடங்கில் உறங்கி, 2009இல்தான் ஆர்ஹூஸில் முழு வீடாகத் திறப்பு விழாக் கண்டன. அவ்வீடு பிழைத்தது, அது நின்ற தெரு பிழைக்கவில்லை.

ஆயினும், ஒன்றும் மிஞ்சாமற் போவதற்கு இது மேல் என்றே நான் கருதுகின்றேன். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டுடன் சாய்ந்து நிற்பதனைப் பார்த்தவர்கள் என் கருத்தை மறுக்கமாட்டார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா, தென்னாட்டு வீடுகள் சிலவற்றை இவ்வகையில் மீட்டு நிறுத்தியிருக்கின்றது. நம் மாணவர்கள் எழும்பூருடன் அதனையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மன்னார்குடியில் எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது. திண்ணை, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு, மேலே நாட்டு ஓடு. அண்ணன் தம்பிகள் நால்வரும் கையொப்பமிட்டு 2015இல் அதனை விற்றோம். எவரையும் குறை சொல்வதற்கில்லை, நானும் கையொப்பமிட்டவன்தான். இன்று அங்கே மூன்று மாடிக் கடைக் கட்டடம் நிற்கின்றது. அம்மா என்னுடன் அடுக்ககத்திற்கு வந்தார். மாலை ஐந்து மணியானால், "நேரமாச்சு, வீட்டுக்குப் போவோம் வா" என்பார். "இதாம்மா வீடு" என்று நான் கூறுவேன். அவர் நம்பியதில்லை.

'டென் கம்லே பி'யில் பொதுமக்கள் தாமாக நுழைய முடியாத வீடு ஒன்றுண்டு. 1950களின் குடும்பம் ஒன்றின் வீடு போல அதனை அமைத்திருக்கின்றார்கள். நினைவிழப்பு நோய் கண்ட முதியோரை, அவர்களைப் பேணுவோருடன் சிறு சிறு குழுக்களாக அங்கே அழைத்து வருகின்றார்கள். அக்கால உடையணிந்த பணியாளர் கதவைத் திறந்து வரவேற்று, காப்பி கொடுத்து அமர வைப்பார். கேள்விகள் கேட்டு நினைவைச் சோதிப்பதில்லை. அடுப்பும், மேசை விரிப்பும், காப்பி மணமும் தம் வேலையைச் செய்யும்வரை காத்திருப்பார்கள். ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து உளவியலார் இதனை ஆய்ந்து, வழக்கமான அறையில் அமர்ந்து பேசும்போது வருவதனைக் காட்டிலும் இங்கே முதியோரின் நினைவுகள் மிகுதியாகவும் விரிவாகவும் வருகின்றன என்று கண்டனர். இதனை மகள் விளக்கியபோது அந்தத் தெருவோரத்தில் நின்றுவிட்டேன். 'இதாம்மா வீடு' என்று எத்தனை மாலைகள் வாதாடியிருப்பேன்!

ஊர் திரும்பியதும் தங்கையிடம் காப்பிக்கொட்டை இயந்திரத்தைப் பற்றி விசாரித்தேன். வீட்டை விற்றபோது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயிருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். அவள் வீட்டுப் பரணில் ஒரு சாக்குப் பைக்குள் இருந்தது. துடைத்து எண்ணெயிட்டு, ஒரு மரப் பலகையின் விளிம்பில் பூட்டி, ஒரு பிடி வறுத்த பீபரிக் கொட்டையுடன் அம்மாவின் முன் வைத்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நானே கைப்பிடியைச் சுற்றினேன்.

அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, கீழே விழுந்த பொடியை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"திருகை இன்னும் ஒரு சுத்து இறுக்குடா. கொரகொரன்னு விழுது. உங்கப்பா குடிக்க மாட்டாரு."

இறுக்கினேன். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை, மறுநாள் கேட்டார். இயந்திரத்தை இப்போது கூடத்திலேயே வைத்திருக்கின்றோம்.